சோதனையை எங்கே வைப்பது, மாட்யூலை எங்கே வைப்பது: திறமூலத் திட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வழுவைக் கண்டுபிடித்தாயிற்று. திருத்தம் மூன்றே வரி. கூடவே ஒரு சோதனையும் எழுதிப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்புகிறீர்கள். பராமரிப்பாளரிடமிருந்து வரும் முதல் பதில் பல நேரங்களில் அந்த மூன்று வரியைப் பற்றியதாக இருப்பதில்லை. "இந்தச் சோதனை இங்கே வரக்கூடாது", "இந்தச் செயற்கூறு வேறு மாட்யூலுக்கு உரியது" என்று இருக்கிறது. புதியவருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். நிரல் சரியாக ஓடுகிறதே, கோப்பு எந்தக் கோப்புறையில் இருந்தால் என்ன?

பராமரிப்பாளரின் கணக்கு வேறு. நீங்கள் எழுதிய சோதனை என்றாவது ஒருநாள் தோற்கும். அப்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். அதைத் திறந்து பார்ப்பவர், கோப்பு இருக்கும் இடத்தை வைத்துத்தான் எது உடைந்தது, யாரைக் கேட்பது, எந்தப் பகுதியைத் திருத்துவது என்று ஊகிப்பார். ஆகவே இடம் தேடும்போது "எங்கே வைத்தால் அழகு" என்று யோசிக்காதீர்கள். இது உடைந்தால் யார் வந்து பார்க்க வேண்டும், எதை மாற்றும்போது இதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

படி 1: அந்த வீட்டு வழக்கம் என்ன?

எதையும் எழுதுவதற்கு முன், திட்டத்தின் கோப்புகள் எல்லாம் வரலாற்றோடு இருக்கும் களஞ்சியத்தைச் சுற்றிப் பாருங்கள். சில மொழிகள் உங்களுக்குத் தேர்வே தருவதில்லை. கோ மொழியில் சோதனைக் கோப்பு, தான் சோதிக்கும் கோப்பின் பக்கத்திலேயே, அதே கோப்புறையில் இருக்கும். பெயரின் கடைசியில் அடிக்கோடும் "டெஸ்ட்" என்ற சொல்லும் வரும். ஜாவாவில் மேவன் என்ற கட்டமைப்புக் கருவி வகுத்த வழக்கம் வேரூன்றிவிட்டது: "எஸ்ஆர்சி" கோப்புறைக்குள் "மெயின்" ஒரு மரம், "டெஸ்ட்" இன்னொரு மரம், இரண்டும் ஒன்றன் நிழல்போல் ஒரே அமைப்பில் வளரும். பேக்கேஜ் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், அந்தப் பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும் கிளாஸ்களையும் சோதனை தொட முடியும். ரஸ்ட் இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது: சிறு சோதனைகள் மூலக் கோப்பின் அடியிலேயே, சோதனையின்போது மட்டும் தொகுக்கப்படும் பகுதியில் இருக்கும், வெளியிலிருந்து பயன்படுத்துபவரின் பார்வையில் எழுதும் சோதனைகள் "டெஸ்ட்ஸ்" என்ற தனிக் கோப்புறையில் இருக்கும்.

பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. அங்கே ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. எண் கணிப்பு நூலகமான நம்பை தன் சோதனைகளை ஒவ்வொரு துணைப் பேக்கேஜுக்குள்ளும் வைத்திருக்கிறது. வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவோ களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் ஒரே பெரிய "டெஸ்ட்ஸ்" கோப்புறை வைத்து, அதற்குள் தலைப்பு வாரியாகப் பிரித்திருக்கிறது. இரண்டுமே முதிர்ந்த திட்டங்கள். எது சரி என்ற வாதத்துக்குப் போனால் பொழுது போகும், புல் ரிக்வெஸ்ட் போகாது.

பெரிய திட்டங்களில் வழக்கம் இன்னும் நுணுக்கமாக இருக்கும். கிட் மென்பொருளின் களஞ்சியத்தில் "டி" என்ற ஒற்றை எழுத்துக் கோப்புறை இருக்கிறது. அதற்குள் சோதனைகள் ஷெல் நிரல்களாக, நான்கு இலக்க எண்ணோடு இருக்கும். எண்ணின் முதல் இலக்கம் குடும்பத்தைக் குறிக்கும்: 4 என்றால் டிஃப் (இரண்டு வடிவங்களின் வேறுபாட்டைக் காட்டுவது) தொடர்பானவை, 5 என்றால் களஞ்சியங்களுக்கு இடையே இழுப்பது, அனுப்புவது. லினக்ஸ் கெர்னலில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. பயனர் தளத்திலிருந்து கெர்னலைத் தட்டிப் பார்க்கும் சோதனைகள் "டூல்ஸ்" கோப்புறைக்குள் "செல்ஃப்டெஸ்ட்ஸ்" என்ற இடத்தில் கூடியிருக்கின்றன. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்த, கெர்னலுக்குள்ளேயே ஓடும் கேயூனிட் சோதனைகளோ தாங்கள் சோதிக்கும் நிரலுக்கு அருகிலேயே குடியிருக்கின்றன. இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்று தெரிந்தாலே இடம் தெரிந்துவிடும்.

பங்களிப்பாளர் கையேடு இருந்தால் படியுங்கள், ஆனால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். கையேடு எழுதி நான்கு ஆண்டு ஆகியிருக்கலாம். கமிட் (பதிவான மாற்றம்) வரலாறு பொய் சொல்லாது. நீங்கள் தொடப்போகும் கோப்பை எடுத்துக்கொண்டு, அதில் கடைசியாக ஏற்கப்பட்ட நான்கைந்து வழுத் திருத்தங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றோடும் எந்தச் சோதனைக் கோப்பு மாறியிருக்கிறது? பெரும்பாலும் ஒரே கோப்பு திரும்பத் திரும்ப வரும். உங்கள் சோதனைக்கும் அதுவே இடம். பல பேருக்கு இந்த ஒரு படியே போதும். மீதியை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

படி 2: உடைந்த இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு

வரலாறு கைகொடுக்காதபோது நீங்களேதான் முடிவெடுக்க வேண்டும். ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம்: செய்தியோடைகளை வாசிக்கும் ஒரு பைத்தான் நிரல். அதில் மூன்று மாட்யூல்கள். ஓடையைப் பிரித்துப் படிப்பது "பார்சர்". படித்ததைச் சேமிப்பது "ஸ்டோர்". தேதி வாரியாக அடுக்கிக் காட்டுவது "வியூ". ஒரு குறிப்பிட்ட ஓடையைச் சேர்த்தால் பட்டியலே திறக்காமல் நிரல் விழுந்துவிடுகிறது என்று ஒருவர் புகார் தருகிறார். பிழைத் தடத்தை (எந்தெந்த வரி வழியாக வந்து நிரல் விழுந்தது என்ற பட்டியலை) பார்த்தால் விழுந்த இடம் "வியூ". தேதிகளை ஒப்பிடும் வரி.

உள்ளே போய்ப் பார்த்தால் கதை இது. அந்த ஓடையில் தேதியின் கடைசியில் நேர மண்டலம் "-0000" என்று இருக்கிறது. மின்னஞ்சல் தேதி வடிவத்தில் அதற்குத் தனிப் பொருள் உண்டு: நேரம் பன்னாட்டு நேரப்படி (யூடிசி) இருக்கிறது, எழுதியவரின் மண்டலம் பற்றித் தகவல் இல்லை. பைத்தானின் நிலையான நூலகத்தில் இந்த வடிவத்தைப் படிக்கும் செயற்கூறு, "-0000" கண்டால் மண்டலம் ஒட்டாத தேதியைத் திருப்பித் தரும். மற்றவற்றுக்கு மண்டலம் ஒட்டிய தேதி வரும். மண்டலம் உள்ளதையும் இல்லாததையும் எது முந்தியது என்று ஒப்பிடச் சொன்னால் பைத்தான் மறுத்து டைப்எரர் எழுப்பும். பட்டியல் விழுந்தது அதனால்தான்.

இப்போது திருத்தம் எங்கே? புதியவர்கள் கை தானாகவே "வியூ"வுக்குப் போகும், பிழைத் தடம் அங்கேதான் விரல் நீட்டுகிறது. அடுக்குவதற்கு முன் மண்டலம் இல்லாத தேதிகளைச் சரிசெய்துவிட்டால் பட்டியல் திறந்துவிடும். ஆனால் ஒரு வாரத்துக்கு முந்தைய செய்திகளை அழிக்கும் வேலையை "ஸ்டோர்" செய்கிறது என்று வையுங்கள். அங்கும் அதே ஒப்பீடு, அதே பிழை. தேதியை உருவாக்கிய இடம் "பார்சர்". மண்டலம் ஒட்டிய தேதியை மட்டுமே வெளியே அனுப்புவது அதன் பொறுப்பு. திருத்தம் அங்கே போக வேண்டும்.

திருத்தம் போன இடத்தோடு சோதனையும் போகும். "பார்சர்" சோதனைக் கோப்பில், "-0000" உள்ள தேதியைக் கொடுத்து, திரும்பி வருவது பன்னாட்டு நேர மண்டலம் ஒட்டிய தேதிதானா என்று பார்க்கும் நான்கு வரிச் சோதனை. "வியூ"வுக்கும் ஒன்று வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பது என் கருத்து. மண்டலம் உள்ள தேதிகள்தான் வரும் என்ற உறுதியின் மேல் "வியூ" நிற்கிறது. வராத தேதிக்கு அங்கே சோதனை எழுதினால், அடுத்து படிப்பவர் அந்தத் தேதி வரக்கூடும் என்று நம்பி, தேவையற்ற பாதுகாப்பு வரிகளை அங்கே சேர்க்கத் தொடங்குவார்.

இன்னொன்று. "பார்சர்" உள்ளே தேதியை மட்டும் கவனிக்கும் ஒரு சிறு உள்செயற்கூறு இருக்கலாம். சோதனை அதை நேரடியாக அழைக்க வேண்டுமா, அல்லது முழு ஓடையைக் கொடுத்து வெளிக்கதவு வழியாகப் போக வேண்டுமா? முடிந்தவரை வெளிக்கதவு. உள்செயற்கூறின் பெயர் நாளை மாறும், இரண்டாகப் பிரியும், காணாமலும் போகும். வெளியே தெரியும் நடத்தை அவ்வளவு சீக்கிரம் மாறாது. உள்ளறையில் இருபது விதமான தேதி வடிவங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு வடிவத்துக்கும் முழு ஓடை எழுதுவது வாசிப்பவரைக் கொல்லும் வேலை. கோ மொழிக்காரர்களுக்கு இந்தப் பிரிவினை மொழியிலேயே கிடைக்கிறது: ஒரே கோப்புறையில் இருந்தாலும் சோதனைக் கோப்பின் பேக்கேஜ் பெயரோடு "_டெஸ்ட்" என்று ஒட்டினால், அந்தக் கோப்பு வெளியாளாக நடத்தப்படும், ஏற்றுமதி செய்யப்பட்டவை மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும்.

படி 3: வேகமானதையும் மெதுவானதையும் கலக்காதீர்கள்

அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை என்ற பெயர்களை வைத்து ஆளுக்கொரு இலக்கணம் சொல்வார்கள். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். மூன்று கேள்வி போதும். வலைப்பின்னலைத் தொடுகிறதா? வேறு ஒரு சேவையோ தரவுத்தளமோ ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா? ஓடி முடிக்க நொடிக்கணக்கில் ஆகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்தச் சோதனை, பங்களிப்பாளர்கள் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஓட்டிப் பார்க்கும் கூட்டத்தில் இருக்கக்கூடாது. தனிக் கோப்புறையோ, தனி அடையாளமோ, திட்டத்தில் எது வழக்கமோ அது.

எல்லாச் சோதனைகளும் ஒரே களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. சோதனைக்குப் பேர்போன எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த 3.42 பதிப்பை ஒட்டி அவர்கள் தரும் கணக்கின்படி, நூலகத்தின் நிரலைப்போல் 590 மடங்கு சோதனை நிரல் இருக்கிறது. அதில் டிஎச்3 என்ற தொகுப்பு பொதுவெளியில் இல்லை. தனியாக, தனி உரிமத்தில் பராமரிக்கப்படுகிறது. டிசிஎல் மொழியில் எழுதிய சோதனைகள் மூல நிரலோடு சேர்ந்தே இருக்கின்றன.

படி 4: சோதனை ஓடுகிறதா என்று பாருங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் தாண்டிப்போகாதீர்கள். சோதனையை எழுதி, ஓட்டி, எல்லாம் பச்சை என்று வந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பச்சையில் உங்கள் சோதனை இருந்ததா? பைத்தான் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் இயல்பாக "டெஸ்ட்_" என்று தொடங்கும் கோப்புகளையும் "_டெஸ்ட்" என்று முடியும் கோப்புகளையும் மட்டுமே பொறுக்கும். "டெஸ்ட்ஸ்_டேட்" என்று ஓர் எழுத்துக் கூட்டிப் பெயர் வைத்தால் அந்தக் கோப்பை அது கண்டுகொள்ளாது, எச்சரிக்கையும் வராது. மேவனில் சோதனைகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயருக்கும் இப்படிப் பெயர் வழக்கம் உண்டு. ரஸ்டில் "டெஸ்ட்ஸ்" கோப்புறையின் நேரடிக் கோப்பு ஒவ்வொன்றும் தனி கிரேட்டாக (ரஸ்டின் தொகுப்பு அலகு) தொகுக்கப்படும். உள்கோப்புறைக்குள் போட்ட கோப்பை, அதன் பெயர் "மெயின்" என்று இல்லாவிட்டால், வேறொரு கோப்பு அழைத்தால்தான் உண்டு.

சரிபார்க்கும் வழி எளிது. உங்கள் திருத்தத்தை நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டுங்கள். சிவப்பாக வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்று: சோதனை ஓடவே இல்லை, அல்லது ஓடியும் எதையும் பிடிக்கவில்லை. புல் ரிக்வெஸ்ட் அனுப்பிய பிறகு தானியங்கிச் சோதனைப் பதிவைத் திறந்து உங்கள் சோதனையின் பெயரை ஒருமுறை தேடிவிடுங்கள்.

பைத்தானில் இன்னொரு பொறி. இரண்டு கோப்புறைகளில் ஒரே பெயரில் சோதனைக் கோப்பு இருந்து, அந்தக் கோப்புறைகள் பேக்கேஜ்களாக அறிவிக்கப்படாவிட்டால், பைடெஸ்டின் இயல்பு முறை இரண்டையும் ஒன்றென்று குழம்பிப் பிழை தரும். "டெஸ்ட்_யூட்டில்ஸ்" என்ற பெயரை எல்லாருமே வைப்பதால் இது அடிக்கடி நிகழ்கிறது.

படி 5: புதுக் கோப்பா, பழைய கோப்பிலேயே ஒரு சோதனையா?

பழையதில் சேருங்கள். சந்தேகம் வந்தாலும் பழையதிலேயே. புதுக் கோப்பு தொடங்குவதற்கு ஒரே நல்ல காரணம், இதுவரை யாரும் சோதிக்காத ஒரு பகுதியை நீங்கள் சோதிக்கிறீர்கள் என்பதுதான்.

வழு எண்ணைக் கோப்பின் பெயராக வைக்கும் ஆசையையும் அடக்குங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியாது. ரஸ்ட் தொகுப்பியின் களஞ்சியத்தில் வழு எண்ணையே பெயராகக் கொண்ட சோதனைகள் ஒரே கோப்புறையில் குவிந்துபோய், அவற்றை ஒவ்வொன்றாகப் பொருள் சார்ந்த கோப்புறைகளுக்கு மாற்றிப் பெயர் சூட்டும் வேலை பின்னாளில் தலையில் விழுந்தது. சோதனையின் பெயர் நடத்தையைச் சொல்லட்டும்: "மண்டலம் இல்லாத தேதி பன்னாட்டு நேரமாகக் கொள்ளப்படும்". வழு எண்ணைக் குறிப்புரையில் ஒரு வரியாக எழுதிவிடலாம். ஜிசிசி தொகுப்பி போன்ற பழைய திட்டங்களில் எண்ணே பெயராவதுதான் வழக்கம். அங்கே போனால் அங்குள்ளபடி செய்யுங்கள்.

படி 6: மாதிரித் தரவு

சோதனைக்குத் தேவையான மாதிரிக் கோப்புகளுக்கு இடம் பார்ப்பதைப் பலரும் கடைசி நிமிட வேலையாகவே வைத்துக்கொள்கிறார்கள். தரவு ஐந்து வரிக்குள் இருந்தால் சோதனைக்குள்ளேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் இரண்டு கோப்புகளைத் திறக்க வேண்டியதில்லை. பெரிதாக இருந்தால் சோதனைக்கு அருகில் ஒரு கோப்புறை. கோ கருவிகள் "டெஸ்ட்டேட்டா" என்ற பெயருள்ள கோப்புறையைத் தொகுக்காமல் ஒதுக்கிவிடும். அந்தப் பெயரை மற்ற மொழிக்காரர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பல சோதனைகள் பகிரும் மாதிரி ஓடை ஒன்று இருந்தால், அதில் உங்கள் "-0000" தேதியை நுழைத்துவிடாதீர்கள். அதில் ஏழு செய்தி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பத்துச் சோதனைகள் ஒன்றாக உடையும்.

இருமக் கோப்புகள் (திறந்து வாசிக்க முடியாதவை) என்றால் கூடுதல் கவனம் வேண்டும். காரணம் 2024 மார்ச் 29 அன்று உலகுக்குத் தெரியவந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. தீங்கு நிரல் இருந்த இடம் மூலக் கோப்பு அல்ல. சோதனைக்கான மாதிரிகள் என்ற பெயரில் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டிருந்த இரண்டு சுருக்கக் கோப்புகளுக்குள் அது ஒளிந்திருந்தது. அதைப் பிரித்தெடுத்து இயங்கவைக்கும் வரிகளோ களஞ்சியத்திலேயே இல்லை. வெளியீட்டுக்கான தொகுப்பில் மட்டும் ஒரு கட்டமைப்புக் (பில்ட்) கோப்பில் சேர்க்கப்பட்டிருந்தன. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழி நுழைவு ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். சுருக்க நூலகத்தின் சோதனைக் கோப்புறையில் வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகள் இருப்பது இயல்பு. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

இதற்குப் பிறகு, விளக்கமில்லாத இருமக் கோப்போடு புதியவர் ஒருவர் வந்தால் பராமரிப்பாளர் நெற்றியைச் சுருக்குவதில் வியப்பில்லை. அந்தக் கோப்பைச் சோதனையின்போதே உருவாக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், அதை உருவாக்கிய சிறு நிரலையும் கூடவே வையுங்கள். கட்டமைப்பு வேலை எதுவும் சோதனைக் கோப்புறையிலிருந்து படிக்க வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள்; சோதனைக் கோப்புறையை முழுதாக அழித்தாலும் மென்பொருள் கட்டமைந்தாக வேண்டும்.

படி 7: பயனருக்குச் சோதனைகளும் போகின்றனவா?

நம்பையின் சோதனைகள் பேக்கேஜுக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. நிறுவிய பயனரே தன் கணினியில் சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம். விதவிதமான வன்பொருளிலும் கணித நூலகங்களிலும் ஓடும் மென்பொருளுக்கு அது பயனுள்ள வசதி. உங்கள் சிறு நூலகத்துக்கு அது தேவைப்படாது.

பைத்தானில் கவனிக்க வேண்டிய விபத்து ஒன்று: மேல்மட்டத்தில் "டெஸ்ட்ஸ்" கோப்புறை பேக்கேஜாக இருந்து, கட்டமைப்பில் "எல்லாப் பேக்கேஜையும் தேடி எடு" என்று சொல்லியிருந்தால், பயனரின் கணினியில் "டெஸ்ட்ஸ்" என்ற பொதுப் பெயரிலேயே அது நிறுவப்பட்டுவிடும். அதே தவற்றை இன்னொரு நூலகமும் செய்திருந்தால் இரண்டும் மோதும். மூல நிரலை "எஸ்ஆர்சி" கோப்புறைக்குள் தள்ளி வைக்கும் அமைப்பு இதைத் தவிர்க்கிறது. நிறுவப்பட்ட வடிவத்தைத்தான் சோதிக்கிறோம், தற்செயலாகக் கண்ணில் பட்ட கோப்புறையை அல்ல என்ற உறுதியும் கூடவே கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் பைத்தான் திட்டமென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பழைய திட்டத்தில் போய் முதல் நாளே இதை மாற்றச் சொல்லாதீர்கள்.

படி 8: புது மாட்யூல் வேண்டுமா?

சோதனைக்கு இடம் தவறினால் நகர்த்திவிடலாம். மாட்யூல் அப்படியல்ல; அதன் பாதை மற்றவர்களின் நிரலில் இம்போர்ட் வரியாக ஏறிவிடும். வெளியீடு ஆன பிறகு அது வாக்குறுதி.

எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு 1972இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் காட்டிய வழி இன்றும் செல்லுபடியாகிறது: வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வையுங்கள். நம் செய்தியோடை நிரலில், தேதி எந்த வடிவத்தில் வரும் என்பது மாறக்கூடியது. ஆர்எஸ்எஸ் வகை ஓடையில் ஒரு வடிவம், ஆட்டம் (Atom) வகை ஓடையில் வேறொரு வடிவம். அந்த அறிவு "பார்சர்" எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால், மூன்றாவது வடிவம் வரும் நாளில் மூன்று மாட்யூல்களையும் திறக்க வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு புரியும்: எங்கும் பொருந்தாததை "யூட்டில்ஸ்" என்ற கோப்பில் போடுவது. ஆறு மாதத்தில் அந்தக் கோப்பை எல்லா மாட்யூல்களும் இம்போர்ட் செய்யும், அதுவும் பாதி மாட்யூல்களை இம்போர்ட் செய்யத் தொடங்கும், பிறகு ஒரு நாள், இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று அழைத்துச் சிக்கும் சுழல் இம்போர்ட் பிழை வரும். ஒரே ஓர் இடத்தில் அழைக்கப்படும் செயற்கூறு என்றால், அழைக்கும் கோப்பிலேயே, அழைக்கும் வரிக்கு மேலேயே வையுங்கள். இரண்டாவது ஆள் கேட்டு வரும்போது நகர்த்திக்கொள்ளலாம்.

இம்போர்ட் அம்புகளின் திசையைத் தாளில் வரைந்து பாருங்கள். "வியூ" "பார்சர்" தரும் பொருளைப் பயன்படுத்தலாம். "பார்சர்" ஒருபோதும் "வியூ"வை அறியக்கூடாது. நீங்கள் வைக்க நினைக்கும் இடம் ஓர் அம்பைத் திருப்பிப் போடச் சொன்னால், இடம் தவறு.

வெளியே தெரிய வேண்டியதில்லை என்றால் தெரியாமலே வையுங்கள். கோ மொழியில் "இன்டர்னல்" என்ற கோப்புறைக்குள் இருப்பதை வெளிக் களஞ்சியங்கள் இம்போர்ட் செய்ய முடியாது. 2015இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து இது எல்லாக் களஞ்சியங்களுக்கும் நடைமுறையில் இருக்கிறது. பைத்தானில் பெயரின் முன் ஓர் அடிக்கோடு. தடுக்காது, ஆனால் எச்சரிக்கும்.

பிறகு பெரிய கேள்வி: இது இந்தத் திட்டத்துக்குள்தான் இருக்க வேண்டுமா? வசதி நல்லதா என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. யார் பராமரிப்பார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஜாங்கோவுக்குள்ளேயே ஒரு காலத்தில் பின்னூட்டங்களுக்கான மாட்யூல் இருந்தது. 1.6 பதிப்பில் அது கைவிடப்படும் என்று அறிவித்து, 2015இல் வந்த 1.8இல் எடுத்துவிட்டார்கள், அது தனிப் பேக்கேஜாகத் தொடர்ந்தது. பைத்தானும் அதே வழியில் போனது. நிலையான நூலகத்தில் இருந்த பத்தொன்பது பழைய மாட்யூல்கள், 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்போடு நீக்கப்பட்டன. உள்ளே நுழைவது ஒரு புல் ரிக்வெஸ்ட். வெளியேற ஆண்டுகள் பிடிக்கும். பராமரிப்பாளர்கள் புது மாட்யூலுக்குத் தயங்குவதன் பொருள் இதுதான், உங்கள் நிரலின் மேல் உள்ள அதிருப்தி அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் தனிப் பேக்கேஜாக்குவதும் தீர்வல்ல. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜ் நீக்கப்பட்டபோது, அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களின் கட்டமைப்பு ஒரே நாளில் உடைந்தது. பதினொரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

படி 9: நகர்த்த வேண்டி வந்தால்

நகர்த்துவது ஒரு கமிட், திருத்துவது வேறொரு கமிட். கிட் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்து வைப்பதில்லை. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. இயல்பான எல்லை 50 விழுக்காடு ஒற்றுமை. நகர்த்தும்போதே பாதிக்கு மேல் திருத்திவிட்டால், பழைய கோப்பு செத்தது, புதுக் கோப்பு பிறந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். வரி வாரியான வரலாறு அறுந்துவிடும். விமர்சிப்பவருக்கும் 400 வரி நீக்கம், 400 வரி சேர்ப்பு என்று தெரியுமே தவிர, அதில் உண்மையில் மாறிய மூன்று வரி கண்ணில் படாது.

வெளியே தெரிந்த மாட்யூலை நகர்த்தினால், பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் சிறு கோப்பை விட்டுவையுங்கள். கைவிடல் எச்சரிக்கையையும் சேருங்கள். எத்தனை பதிப்புகள் வரை அது இருக்கும் என்பது திட்டத்தின் கொள்கை, உங்கள் முடிவல்ல. சோதனைகளையும் கூடவே நகர்த்த மறக்காதீர்கள், ஆனால் பழைய பாதை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைப் பழைய பெயரிலேயே வைத்திருங்கள்.

படி 10: கேட்கும் விதம்

இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியாவிட்டால் கேளுங்கள். "இதை எங்கே வைக்கட்டும்?" என்று மொட்டையாகக் கேட்டால், பராமரிப்பாளர் உங்கள் வேலையைத் தானே செய்ய வேண்டும், பதில் தாமதமாகும். இப்படி எழுதிப் பாருங்கள்: "தேதித் திருத்தத்தைப் பார்சருக்குள் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஸ்டோரும் அதே தேதியைப் பயன்படுத்துகிறது. சோதனையைப் பார்சர் சோதனைக் கோப்பின் கடைசியில் சேர்த்தேன். வியூவில் வைப்பது உங்களுக்கு வசதி என்றால் மாற்றித் தருகிறேன்." அவர் ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தரலாம். கெர்னல் போன்ற பெரிய திட்டங்களில் யாரைக் கேட்பது என்பதற்கே ஒரு கோப்பு இருக்கிறது: "மெயின்டெய்னர்ஸ்" என்ற பட்டியல். நீங்கள் தொட்ட கோப்புகளை வைத்து அதில் உரியவரைத் தேடித் தரும் சிறு நிரலும் அதே களஞ்சியத்தில் உண்டு.

பதில் வர நாளாகலாம். அதுவரை, நீங்கள் திருத்திய கோப்புக்கு மிக அருகில் உள்ள இடத்தில், வெளியே தெரியாத பெயரில் வைத்து அனுப்பிவிடுங்கள். வெளியே தெரியாததை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், யாருடைய நிரலும் உடையாது.